‘தீய சேர்க்கை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதுமா?

வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் போதைப் பழக்கத்தோடு வரும் பையன்களின் அறிக்கைகளை வரிசையாக எடுத்துப் படித்தால் ஒரு வரி சலிக்காமல் திரும்பத் திரும்ப வரும்: ‘தீய நண்பர்களின் சேர்க்கையால் போதைப் பழக்கத்துக்கு ஆளாகியுள்ளார்.’ பொய்யில்லை. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்த நண்பன், அவனுக்கு என்ன வயது, முதல் தடவை காசு யார் போட்டது, அந்த நேரத்தில் வீட்டில் யார் இருந்தார்கள், அந்தக் கூட்டத்தில் இவனுக்கு என்ன பெயர்? இவை தெரியாமல் போடும் திட்டம் பையன் வெளியே போன சில நாளிலேயே கிழிந்துவிடும்.

குடும்பம், கூட்டாளிகள், தன்னைப் பற்றிய எண்ணம் ஆகிய மூன்றும் காரணம் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. வீட்டில் ஓர் இடம் காலியாகிறது. அந்த இடத்துக்குக் கூட்டாளி வருகிறான், கையில் சரக்கோடு. பிறகு பையனை அங்கேயே பிடித்து வைப்பது, தான் யார் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பது. இல்லத்துக்குள் அடைத்ததும் முதல் இரண்டின் பிடி கொஞ்சம் தளரும். மூன்றாவது இறுகும். நம் ஊர் இல்லங்களில் பெரும்பாலான உழைப்பு முதல் இரண்டுக்கே போகிறது.

முதலில் சில எண்கள். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்காக டெல்லி எய்ம்ஸின் போதைச் சிகிச்சை மையம் 135 ஊர்களில், ஏற்கெனவே போதைப் பழக்கம் உள்ள 4,024 பிள்ளைகளிடம் பேசி 2013-இல் ஓர் அறிக்கை தந்தது. பழக்கம் தொடங்கிய சராசரி வயது புகையிலைக்கு 12.3, முகரும் பொருள்களுக்கு 12.4, கஞ்சாவுக்கு 13.4, மதுவுக்கு 13.6. வரிசையைப் பாருங்கள். மது வருவதற்கு ஓராண்டு முன்பே ‘சொல்யூஷன்’, அதாவது முகரும் பசையும் தின்னரும், வந்துவிடுகிறது. 12 வயது என்றால் ஏழாம் வகுப்பு. 2018-இல் எடுத்து அடுத்த ஆண்டு வெளியான தேசியக் கணக்கெடுப்பிலும், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே வகை முகரும் பொருள்தான்: 10 முதல் 17 வயதுக்காரர்களில் 1.17%, பெரியவர்களில் 0.58%. ஒயிட்னர் தின்னரைப் பாட்டிலில் விற்க 2012-லேயே தடை வந்துவிட்டது. பஞ்சர் ஒட்டும் பசைக்கும் பெயிண்ட் தின்னருக்கும் யார் தடை போடுவது?

ஆக, 17 வயதில் கஞ்சா வழக்கில் வருகிறவனுக்குப் பின்னால் ஐந்து வருடக் கதை இருக்கும். அறிக்கையோ கதையின் கடைசி ஆறு மாதத்திலிருந்து தொடங்கும்.

மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடம்பு. முதல் வாரத்தில் எந்த ஆற்றுப்படுத்துதலும் உள்ளே இறங்காது, ஏனென்றால் பையன் நிறுத்தியதால் வரும் தவிப்பில் இருக்கிறான். கஞ்சாவை நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். புதுப் பையன் முதல் வாரமே அடிதடியில் இறங்கினால் ‘முரடன்’ என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். புகையிலையும் அப்படியே. கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் வைத்துப் பழகிய வாய்க்கு முதல் மூன்று நாள் நரகம்.

மாத்திரை விஷயத்தில்தான் கவனம் ரொம்பத் தேவை. வலி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் பையன்கள் சேர்த்து ‘மாத்திரை’ என்றுதான் சொல்வார்கள். எதற்காகக் கொடுக்கும் மாத்திரை, என்ன நிறம், பட்டையில் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை என்று பிரித்துக் கேட்டே ஆக வேண்டும். டேபென்டடால் போன்ற வலி மாத்திரையை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, மூக்கில் நீர் வடிதல் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் தணியும். பாடாய்ப் படுத்தும், ஆனால் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. தினமும் தூக்க மாத்திரை போட்டவனுக்குச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். தினமும் குடித்தவனுக்கும் இதே ஆபத்து, குறிப்பாக முதல் இரண்டு மூன்று நாளில். இவர்களை இல்லத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு, போதைக்கு அடிமையான பிள்ளையைச் சிகிச்சைக்கு மாற்ற, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அதிகாரம் தருகிறது. கேட்டால்தானே உத்தரவு வரும்? ஊசி போட்டதாகச் சொன்னால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகளும் சேர வேண்டும்.

சொல்யூஷன் முகர்ந்த பையனைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, முகர்ந்துகொண்டிருக்கும்போது கத்தி மிரட்டுவதோ துரத்துவதோ கூடாது. பயத்தில் சுரக்கும் அட்ரினலினை இதயம் தாங்க முடியாதபடி அந்த வேதிப்பொருள் செய்திருக்கும். பதறி ஓடுகிறவன் துடிப்பு தாறுமாறாகிச் சரிந்து விழலாம். காவலர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, காலையில் ‘கால் வரலை சார், எழுந்திருக்க முடியலை’ என்று சொன்னால் நடிப்பு என்று விட்டுவிடக் கூடாது. சொல்யூஷனில் உள்ள டொலுயீன் சிறுநீரகத்தைப் பாதித்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கீழே இறக்கிவிடும். ரத்தப் பரிசோதனை அன்றைக்கே வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை நம்பி உட்காருவதிலும் பயனில்லை. எப்போதாவது கஞ்சா புகைத்தவனுக்கு மூன்று நாளில் மறைந்துவிடும், தினமும் புகைத்தவனுக்கு ஒரு மாதம்கூடக் காட்டும். முகரும் பொருளும் டேபென்டடாலும் சாதாரணப் பட்டைகளில் தெரியாது. பட்டை ‘இல்லை’ என்று சொன்னால் பழக்கம் இல்லை என்று பொருளாகாது. கேட்பதுதான் வழி.

எப்படிக் கேட்பது? 12 முதல் 21 வயது வரைக்கும் உலகமெங்கும் பயன்படுத்தும் கிராஃப்ட் என்ற ஆறு கேள்விகள் கொண்ட சிறு சோதனை ஒன்று உண்டு. போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் போனதுண்டா, நிம்மதிக்காகவோ தன்னைப் பற்றி நல்லபடியாக உணரவோ கூட்டத்தோடு ஒட்டவோ எடுப்பதுண்டா, தனியாக இருக்கும்போது எடுப்பதுண்டா, எடுத்தபோது செய்ததை மறந்ததுண்டா, குறைத்துக்கொள் என்று வீட்டாரோ நண்பர்களோ சொன்னதுண்டா, அதனால் வம்பில் மாட்டியதுண்டா. இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஆறே கேள்விக்குள் வீடு, கூட்டாளி, தன்னெண்ணம் மூன்றும் வந்துவிடுகின்றன. எண்ணிக்கையைவிட, எந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்பது முக்கியம். கூட்டத்தில் மட்டும் எடுக்கிறவனும் தனியாக உட்கார்ந்து எடுக்கிறவனும் வேறு வேறு. தனியாக எடுக்கிறவனிடம் கூட்டாளியை மாற்றச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

இனி அறிக்கை. 2015-ஆம் ஆண்டின் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கையைக் கொடுக்க வேண்டும். 2016 மாதிரி விதிகளில் அதற்கு இருப்பது படிவம் 6. யோசித்துத் தயாரித்த படிவம்தான். புகை, மது, போதைப்பொருள், சூதாட்டம் தனித்தனியாக உண்டு. நண்பர்கள் சம வயதா, மூத்தவர்களா, போதைப் பழக்கம் உள்ளவர்களா, குற்றப் பின்னணி உள்ளவர்களா என்ற கட்டங்களும் உண்டு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உறவு எப்படி, அப்பாவுக்கும் பையனுக்கும் எப்படி என்று பிரித்தும் கேட்கிறார்கள். எல்லாம் டிக் போட்டால் நிரம்பிவிடும். எது முதலில், எது பிறகு என்று டிக் சொல்லாது. அதனால் படிவத்தோடு இன்னொரு வெள்ளைத்தாள் வேண்டும். அதில் ஒரு வட்டம் வரைந்து 24 மணி நேரமாகப் பிரித்து, பிடிபடுவதற்கு முந்தைய ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைப் பையனையே நிரப்பச் சொல்ல வேண்டும். இன்னொரு வட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு. எத்தனை மணிக்கு எழுந்தான், யார் எழுப்பினார்கள், முதல் சாப்பாடு எங்கே, மதியம் யாரோடு, ராத்திரி எங்கே படுத்தான். அரை மணி நேர வேலை. ‘எப்போது பழகினாய்’ என்று நேரடியாகக் கேட்டால் வராதது இதில் தானாக வரும்.

வீட்டுக்குப் போகும்போதும் இதே மாதிரிச் சின்னக் கேள்விகள்தான். பையன் படுக்கும் இடம் எது என்று காட்டச் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் என்றால், பத்து வயதுக்கு மேல் ஆண்பிள்ளை வெளியேதான் படுப்பான்: மொட்டை மாடி, பக்கத்து ஆட்டோ, கோயில் திண்ணை. அந்த இடத்தில் அவனோடு யார் படுக்கிறார்கள் என்பதுதான் உங்கள் முதல் துப்பு. ராத்திரிச் சாப்பாட்டை யாராவது எடுத்து மூடி வைக்கிறார்களா? பீரோ சாவி யாரிடம்? அப்பா குடிக்கும்போது கடைக்கு அனுப்பப்பட்டவன் யார்? சிகரெட் வாங்கப் போனவன் வழியில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கும் கதைகள் ஏராளம். அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும், அப்பா இருக்கும்போது அவர் வாய் திறக்க மாட்டார். பாட்டி இருந்தால் இன்னும் நல்லது. வீட்டின் உண்மையான வரலாறு பாட்டியிடம்தான் இருக்கும். அரசு ஜீப்பில் போய் வாசலில் இறங்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் வழக்கைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தெருவே அவனைப் பார்த்துச் சிரித்தால் அவன் திரும்பிப் போக ஓர் இடம்தான் மிஞ்சும்.

பெற்றோரிடம் ‘கண்காணியுங்கள், கண்டிப்பாக இருங்கள்’ என்று சொல்லி அனுப்புவது வழக்கம். இந்த அறிவுரையின் காலை 2000-லேயே வாரிவிட்டார்கள் ஸ்வீடனில் ஆய்வு செய்த ஸ்டாட்டினும் கெர்ரும். பிள்ளை எங்கே போகிறான் என்பது தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் தவறுவது குறைவு, சரி. ஆனால் அந்தப் பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது என்று தோண்டினால், துருவி விசாரித்ததால் அல்ல, பெரும்பாலும் பிள்ளையே சொன்னதால். அப்படியென்றால் சரியான கேள்வி ‘வீட்டில் கண்டிப்பு உண்டா’ என்பதல்ல. ‘கடைசியாக அவன் தானாக வந்து வீட்டில் ஒரு விஷயம் சொன்னது எப்போது, சொன்னதற்கு என்ன கிடைத்தது’ என்பது. பள்ளியில் டீச்சர் அடித்தார் என்று சொன்னதற்கு அப்பாவிடம் இன்னொரு அடி வாங்கியவன் அதற்குப் பிறகு எதையும் சொல்லியிருக்க மாட்டான்.

அடுத்தது கொடுத்துக் கெடுப்பது. அம்மா முதலில் மறுப்பார். பையன் தட்டை எறிவான், கையைப் பிளேடால் கீறிக்கொள்வான். அம்மா ஐம்பது ரூபாய் கொடுத்துவிடுவார். எவ்வளவு தூரம் கத்தினால் கிடைக்கும் என்று அவனுக்குப் பாடம் ஆகிவிடும். அடுத்த முறை அங்கிருந்தே தொடங்குவான். இல்லத்துக்கு வந்த பிறகும் இது தொடரும். ‘மனு’ பார்க்க, அதாவது வீட்டார் அவனைச் சந்திக்க, வரும் நாளில் கெஞ்சுவான், சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள் புகையிலை வந்து சேரும். பொட்டலத்தைப் பிடித்துவிட்டு அந்த அம்மாவை அவமானப்படுத்தி அனுப்புவது சுலபம். அடுத்த வாரம் அவர் வரவே மாட்டார். சந்திப்புக்கு முன் பத்து நிமிடம் உட்கார வைத்து, இந்த வாரம் அவன் உடம்பு என்ன பாடுபடும், என்ன கேட்பான், எப்படி மறுப்பது என்று சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு. ஒரே வாக்கியம், ஒரே குரல், காரணம் விளக்காமல்: ‘அது கொண்டு வர மாட்டேன், அடுத்த வாரமும் வருவேன்.’ இரண்டாம் பாதி முதல் பாதியைவிட முக்கியம்.

மாலை போட்டால் திருந்துவான், ஊருக்கு அனுப்பினால் சரியாகிவிடும் என்பவற்றை நான் கேலி செய்ய மாட்டேன். 48 நாள் விரதம் ஒழுங்கான நேரத்தையும் வேறு கூட்டத்தையும் ‘சாமி’ என்று புதுப் பெயரையும் தருகிறது; மூன்றையும் ஒன்றாகத் தரும் திட்டம் எத்தனை பேரிடம் இருக்கிறது? மாலையைக் கழற்றிய மறுநாளுக்கு யாரிடமும் திட்டம் இல்லை, அங்கேதான் சறுக்குகிறது. கல்யாணம் செய்து வைத்தால் அடங்கிவிடுவான் என்பதை மட்டும் யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

கூட்டாளிகள். கெட்டவனோடு சேர்ந்து நல்லவன் கெடுகிறானா, ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்தவன் தேடிப்போய்ச் சேர்கிறானா என்ற பழைய சண்டையில், இரண்டும் ஏறக்குறைய சம அளவு நடக்கிறது என்று 1978-இல் டெனிஸ் காண்டெல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் காட்டினார். நமக்கு அதில் உள்ள பாடம்: கூட்டாளியை வெட்டிவிட்டால் மட்டும் போதாது, அடுத்த தெருவில் அதே மாதிரி இன்னொருவனைப் பிடிப்பான். என்ன தேடிப் போனான் என்று பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வரைபடம் போடலாம். நடுவில் பையன். சுற்றிலும் அவன் பழகும் ஆட்கள், பெயர் வேண்டாம், ஒரு எழுத்து போதும். முதல் சந்திப்பிலேயே பெயர் கேட்டால் நீங்கள் போலீஸ், கதை முடிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் வயது எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் சம வயது என்றால் அது விளையாட்டுக் கூட்டம், பிரிப்பது எளிது. நாலைந்து வயது மூத்த ‘அண்ணன்’ ஒருவர் இருந்தால் அது வேறு கணக்கு. அண்ணன் முதலில் இலவசமாகக் கொடுப்பார், பைக் ஓட்டக் கொடுப்பார், பிரியாணி வாங்கித் தருவார். பிறகு ஒரு சின்ன வேலை: இந்தப் பொட்டலத்தை அங்கே கொடுத்துவிட்டு வா. கஞ்சாவில் ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’, அதற்கு ஓராண்டு வரைதான் தண்டனை. சிறுவன் பிடிபட்டால் அது சிறு குற்றமாகவே நடக்கும் என்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். சிறுவனைப் பயன்படுத்தி விற்றால் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு; சிறுவனுக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கும் 77-ஆம் பிரிவில் அதே தண்டனைதான். அறிக்கையில் ‘தீய சேர்க்கை’ என்று ஒரே வரி எழுதும்போது அண்ணன் தப்பித்துக்கொள்கிறார்.

வரைபடத்தில் கடைசியாக இரண்டு கேள்வி. யாருக்கு எவ்வளவு பாக்கி? வக்கீலுக்குக் காசு யார் கொடுத்தது? இரண்டாவதற்கு அண்ணன் என்று பதில் வந்தால், பையன் வெளியே போகும் அன்றே அந்தக் கடனை உழைத்துத் தீர்க்கப் போகிறான் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பிள்ளைகளுக்கு இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் நாளே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வக்கீல் ஏற்பாடு செய்தால் அதுவே பெரிய போதைத் தடுப்பு வேலை. யாரும் அதை அந்தக் கணக்கில் வைப்பதில்லை.

இளைஞர் நீதிச் சட்டத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. 12-ஆம் பிரிவு பிணையைத் தாராளமாகத் தரச் சொல்கிறது. மறுக்க அது சொல்லும் காரணங்களில் ஒன்று, வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்பது. சேர்ந்துவிடுவான் என்று பயந்து எங்கே அனுப்புகிறோம்? பெரிய பெரிய வழக்குகளில் வந்த பையன்கள் படுத்திருக்கும் அறைக்கு. வயது, உடல் மனநிலை, குற்றத்தின் தன்மை பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. பத்து கட்டிலும் ஒரு காவலரும் உள்ள இடத்தில் அது எப்படி நடக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த அறையில் ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை நடக்கும் பாடம்தான் இல்லத்தின் உண்மையான பாடத்திட்டம். அங்கே படிநிலை வழக்குப் பிரிவின் எண்ணில் இருக்கிறது. புதுச் சட்டம் 2024 ஜூலையில் வந்து கொலை 103 ஆகிவிட்டாலும் ‘முன்னூத்திரெண்டு’ என்பதற்கு இருக்கும் மரியாதை போகவில்லை. செல்போன் பறித்து வந்தவன் கீழே. கஞ்சா வழக்கு நடுவே. கீழே இருப்பவன் மேலே போக என்ன செய்வான்? தான் போட்ட மாத்திரையின் எண்ணிக்கையை ஏற்றிச் சொல்வான். பொய்யாகச் சொன்னதை வெளியே போய் உண்மையாக்குவான்.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் இருக்கிறது. ஓரிகனில் டாம் டிஷியனும் கூட்டாளிகளும் பையன்களைப் பேசவிட்டுப் படமெடுத்துக் கவனித்தார்கள். விதி மீறிய கதையைச் சொல்லும்போது நண்பன் சிரித்தால், அந்தச் சிரிப்பே பரிசாகி, பின்னாளில் போதையும் வம்பும் கூடின. 1999-இல் அவர்கள் எழுதிய கட்டுரை இன்னும் சங்கடமானது: வம்பு செய்யும் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து நடத்திய திருத்தும் குழுக்களே சிலரை மோசமாக்கின. சிறையைக் காட்டிப் பயமுறுத்தும் திட்டங்களும் அப்படித்தான், ஒன்றும் செய்யாமல் விடுவதைவிடக் கெடுதல் என்றே மதிப்பாய்வுகள் சொல்கின்றன.

ஆகவே ஐம்பது பையன்களை ஹாலில் உட்கார வைத்து நுரையீரல் படம் காட்டும் ‘போதை விழிப்புணர்வு’ வகுப்பை நிறுத்துங்கள். முன்வரிசைக்காரன் நெளிவான், பின்வரிசை சிரிக்கும், அந்தச் சிரிப்புதான் பாடம். போதைக் கதை தனியறையில் ஒருவனிடம் மட்டும். குழுவாகச் செய்ய வேண்டியது வேலை: சமையல், கேரம், பறை, மரவேலை, கணக்கு. ஆறேழு பேர், இரண்டு பெரியவர்கள். யாராவது ‘அன்னைக்கு நான் நாலு போட்டேன்’ என்று ஆரம்பித்தால் திட்டக் கூடாது, திட்டினால் அதுவும் பெருமைதான். காதில் விழாதது போல அவன் கையில் உளியைக் கொடுங்கள்.

இப்போது மூன்றாவதான தன்னெண்ணத்துக்கு வருவோம். தன்னம்பிக்கை குறைவுதான் காரணம் என்று பேசிப் பேசி ஊக்கப்பேச்சாளர்களை அழைத்து வருகிறார்கள். தன்மதிப்பை அளக்கும் ரோசன்பர்க் அளவுகோலின் பத்துக் கூற்றுகளை இந்தப் பையன்களிடம் கொடுத்துப் பாருங்கள், பலர் நெஞ்சை நிமிர்த்தி நல்ல மதிப்பெண் வாங்குவார்கள். ஏரியாவில் அவன் கெத்து. வகுப்பறையிலும் வீட்டிலும்தான் அவன் பூஜ்யம். எந்த இடத்தில் தன்னை நினைத்துப் பதில் சொல்கிறான் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். பேச்சு இப்படிப் போகும்:

‘ஏரியால உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க தம்பி?’
‘பிளேடு, சார்.’
‘ஸ்கூல்ல?’
‘எட்டாவதோட நின்னுட்டேன் சார். அங்க எவனும் கூப்பிடலை.’
‘வீட்ல?’
கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பான். ‘ஆயா மட்டும் கண்ணுன்னு கூப்பிடும்.’

மூன்று பதிலில் ஒரு திட்டத்துக்கு வேண்டியது முழுக்க இருக்கிறது. முதல் பெயரைப் பிடுங்க முடியாது. அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுக்கும் வரை விட மாட்டான். இரண்டாவது இடத்தில் ஒரு பெயர் உண்டாக்க வேண்டும். மூன்றாவது ஆளை, அந்தப் பாட்டியை, வாரா வாரம் வரவழைக்க வேண்டும், பஸ் காசுக்கு வழி செய்தாவது. இல்லப் பணியாளர்கள் ‘டேய் கஞ்சா’ என்று கூப்பிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. கூப்பிடுகிற பெயருக்கு ஏற்றபடி நடப்பதில் இந்த வயதுப் பிள்ளைகள் மகா நேர்மையானவர்கள்.

1990-இல் டாஃப்னா ஆய்செர்மனும் ஹேசல் மார்க்கஸும் செய்த ஆய்வு இங்கே கைகொடுக்கும். வம்பில் மாட்டும் பிள்ளைகளுக்கும் பயம் உண்டு: ஜெயில், சாவு, போதை. அந்தப் பயத்துக்கு எதிர்ப்பக்கம், அதே விஷயத்தில் ‘நான் இப்படி ஆவேன்’ என்ற படம்தான் அவர்களிடம் குறைவு. அதனால் பயமுறுத்தல் அவர்களை எங்கும் நகர்த்துவதில்லை. தாளை இரண்டாக மடித்து, அடுத்த வருடம் என்னவாக இருப்பாய் என்று ஒரு பக்கமும், என்னவாகிவிடக் கூடாது என்று மறுபக்கமும் எழுதச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவன் வரையட்டும். ‘ஜெயிலுக்குப் போகக் கூடாது’ என்பதற்கு நேரே ஒன்றுமே இல்லை என்றால் அந்தக் காலி இடம்தான் உங்கள் வேலை. ‘ஐஏஎஸ் ஆவேன்’ என்று எழுதினால் மகிழ்ந்துவிடாதீர்கள், அது உங்களுக்காக எழுதியது. ‘மார்ச்சில் தனித்தேர்வராகப் பத்தாவது இரண்டு பாடம்’ என்று எழுதினால் அன்றே விண்ணப்பத்தை எடுங்கள். உள்ளே வந்த நாளிலிருந்து தேதி போட்ட சின்னச் சான்றுகளைச் சேர்த்து வைப்பது நல்லது: முடித்த கணக்கு, செய்த ஸ்டூல், சமைத்த சாம்பார். பிணை உத்தரவு எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது, திட்டம் முதல் வாரத்திலிருந்தே தயாராக இருக்க வேண்டும்.

18 தாண்டிய இளங்குற்றவாளிகள் போகும் புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளியிலும் இதே கணக்குதான், தன்னைப் பற்றிய படம் இன்னும் கெட்டிப்பட்டிருக்கும். பெண் பிள்ளைகளின் பாதை வேறு. பெரும்பாலும் காதலன் வழியாக வருவது, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வெளியே போகும் நாளில் கவனிக்க வேண்டியவை பல. முதலாவது, யார் வாசலில் நிற்கிறார்கள் என்பது. உத்தரவு சாயங்காலம் வரும், அம்மா வேலையில் இருப்பார், அண்ணனின் ஆட்கள் நாலு பைக்கில் மாலையோடு நிற்பார்கள். ராத்திரிக்குள் பின்னணி இசையோடு ரீல்ஸ் ஏறிவிடும். அந்த ஒரு மாலை உங்கள் மூன்று மாத வேலையைத் தின்றுவிடும். யார் வந்து அழைத்துப் போவது என்பதை முன்பே முடிவு செய்து அவர்களுக்குத்தான் முதல் போன் போக வேண்டும். முடிந்தால் காலையில், பின்வாசல் வழியாக. இரண்டாவது, வலி மாத்திரை பழகியவனுக்கும் வீட்டாருக்கும் நேராகச் சொல்ல வேண்டியது: உள்ளே இருந்த நாளில் உடம்பு தாங்கும் அளவு இறங்கியிருக்கும், பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம். குறட்டை போல விட்டு விட்டு மூச்சு, நீலமாகும் உதடு, எழுப்பினால் எழாமை. இதில் ஒன்றைக் கண்டாலும் பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும், வழக்குக்குப் பயந்து காத்திருக்கக் கூடாது. போதை உதவிக்கு 14446, மனநலத்துக்கு 14416 என்ற எண்களை ஆயாவின் போனில் பதிந்து கொடுங்கள்.

மூன்றாவது, பையனுக்குத் தேடித் தரும் வேலை. நல்லெண்ணத்தில் நிறையத் தவறு நடப்பது இங்கேதான். சொல்யூஷன் பழகியவனை பஞ்சர் கடையிலும் பெயிண்ட் வேலையிலும் செருப்புத் தைக்கும் பட்டறையிலும் சேர்த்துவிடுகிறார்கள், ‘கைத்தொழில் கற்றுக்கொள்ளட்டும்’ என்று. எட்டு மணி நேரமும் அதே வாசனை, முதலாளியே டின்னைத் திறந்து கொடுப்பார். ஏசி மெக்கானிக், தச்சு, பேக்கரி, தையல் என்று வேறு பார்க்க வேண்டும். தினக்கூலி கையில் வந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். முதல் இரண்டு மாதமாவது வாரச் சம்பளமாக, ஆயாவோ அம்மாவோ வந்து வாங்கிக்கொள்வதாக முதலாளியிடம் பேசி வைத்துவிட்டு, சனிக்கிழமை ஏழு மணிக்குக் கடைக்கு ஒரு போன் போட்டுப் பையன் வந்தானா என்று கேளுங்கள்.